பீலிக்கு மேலே குழி வேண்டாம்

தம்பி, குளிர்மலை ஊரான நுவரெலியாவில் கட்டும் வீட்டுக்கு மலசலகூடக் குழி தோண்ட, பீலிக்கு (ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாய்க்கு) மேலே உள்ள சமதரைதான் வசதி என்று எழுதியிருக்கிறீர்கள். வசதிதான், ஆனால் வேண்டவே வேண்டாம். குழியில் ஊறும் அழுக்கு நீர் சரிவோடு இறங்கி, உங்கள் ஊற்றிலேயே வந்து சேரும். கீழ்ச் சரிவில், ஊற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளித் தோண்டுங்கள். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றராவது மேலே நிற்க வேண்டும். அதையும் மழைக்காலத்தில் பாருங்கள்; மாசியில் காய்ந்து கிடக்கிற மண் ஆடியில் சொதசொதவென்று ஊறியிருக்கும். அப்புறம், உங்களுக்குக் கீழே வேறு லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பீலி இருந்தால் அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

செப்டிக் டேங்க் கட்டுவதானால், மேசன் கொழும்பில் கட்டிய அளவைச் சொன்னால் கேட்காதீர்கள். குளிரில் கசடை மக்கவைக்கும் கிருமிகள் சோம்பேறிகள், கசடு மெதுவாகத்தான் மக்கும். கொஞ்சம் பெரிதாகக் கட்டி மேலே மண் மூடுங்கள். வாசம் வருகிறதென்று பினாயிலை வாளிக்கணக்கில் ஊற்றினால் இருக்கிற கிருமியும் செத்துவிடும்.

குடிதண்ணீர்? அந்த உயரத்தில் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். பயமில்லை, ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும்.