மேல்மாடி பாத்ரூமுக்கு டேங்க் இல்லாத ஹீட்டர் சரிவருமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறோம். நான்கு பேர், ஒரே பாத்ரூம். மாமியாருக்கும் எனக்கும் வாளிக் குளியல். கணவருக்கும் மகனுக்கும் ஷவர்தான் வேண்டும். போர் தண்ணீர், குழாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. பழைய 15 லிட்டர் ஹீட்டர் ஓட்டை விழுந்துவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் தம்பி, "டேங்க் இல்லாததா வாங்கு, கரண்ட் மிச்சமாகும்" என்கிறான். வாங்கலாமா?

பதில்: உங்கள் பாத்ரூமுக்கு வேண்டாம். சமையலறைக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

தம்பி சொல்வதில் தப்பில்லை. ஆனால் அங்கே வீடு முழுவதற்கும் மாட்டும் மின்சார ஹீட்டர் 18 முதல் 27 கிலோவாட் வரை இழுக்கும். அதற்கென்றே தடித்த ஒயரில் தனி லைன்கள் இழுத்திருப்பார்கள். நம் ஊரில் சிங்கிள் பேஸ் வீட்டுக்கு விற்பது 3 கிலோவாட், மிஞ்சிப்போனால் 4.5. கடையில் 'இன்ஸ்டன்ட்' என்று எடுத்துக் கொடுப்பதில் பெரும்பாலானவை 1 லிட்டரோ 3 லிட்டரோ பிடிக்கும் குட்டி டேங்க் உள்ளவைதான்.

ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் போதும், யார் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை. ஹீட்டரின் கிலோவாட்டை 14-ஆல் பெருக்குங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஓடுகிறதோ அதால் வகுங்கள். தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறும் என்பது வந்துவிடும். மார்கழிக் காலையில்கூடச் சென்னைக் குழாய்த் தண்ணீர் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குளிக்க 40 போதும். ஆக, நமக்குத் தேவை 15 டிகிரி. டெல்லிக்காரர்களுக்கு ஜனவரியில் கிட்டத்தட்ட இதைப்போல் இரு மடங்கு வேண்டும்.

3 கிலோவாட் ஹீட்டர் இந்த 15 டிகிரியை நிமிடத்துக்கு 2.8 லிட்டருக்குத்தான் தரும். 18 லிட்டர் வாளி நிறைய ஆறரை நிமிடம் ஆகும். மாமியாருக்கு அது பரவாயில்லை. ஷவரில் நிமிடத்துக்கு 6 லிட்டர் விழுந்தால் ஏறுவது 7 டிகிரிதான், உங்கள் மகன் கத்துவான். 4.5 கிலோவாட் என்றாலும் பத்தரை டிகிரி, அதாவது வெதுவெதுப்பு. இதுவும் வோல்டேஜ் 230 இருந்தால்தான். 200-க்கு இறங்கினால் ஹீட்டரின் சக்தியில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும்.

உங்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல், மேல்மாடி. மொட்டைமாடி டேங்க் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் ஷவருக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும். டேங்க் இல்லாத ஹீட்டரில், போதிய வேகத்தில் தண்ணீர் ஓடினால்தான் காயிலுக்கு மின்சாரம் போகும். அழுத்தம் குறைந்தால் ஆன் ஆகாமலே அடம்பிடிக்கும், அல்லது சூடும் பச்சைத் தண்ணீருமாக மாறி மாறி வரும். பிரஷர் பம்ப் வைத்துச் சரிசெய்யலாம். அது இன்னொரு செலவு.

ஒயரிங்கையும் பாருங்கள். 3 கிலோவாட் இழுப்பது 13 ஆம்ப்; பழைய ஹீட்டரின் 16 ஆம்ப் பாயிண்ட், ஒயர் நல்ல நிலையில் இருந்தால் தாங்கும். 4.5 கிலோவாட் 20 ஆம்பை ஒட்டி இழுக்கும். அந்த பாயிண்ட் கூடாது. மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் தனி லைனும், கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்சான எம்சிபி தனியாக ஒன்றும் வேண்டும். எதை மாட்டினாலும் நல்ல எர்த்தும், மின்கசிவு 30 மில்லி ஆம்பை எட்டினால் விழுந்து கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் கட்டாயம். குழாயோடு சேர்த்தே விற்கும் பிளாஸ்டிக் 'டேப் ஹீட்டர்' பக்கம் மட்டும் போகாதீர்கள். ஈரக் கையால் தொடும் இடத்தில் அதை மாட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

கரண்ட் மிச்சம்? ஒரு வாளித் தண்ணீரை 15 டிகிரி ஏற்ற மூன்றில் ஒரு பங்கு யூனிட் ஆகும், எந்த ஹீட்டரானாலும். டேங்க் ஹீட்டரில் வீணாவது, சூடாக்கி வைத்த தண்ணீர் சும்மா ஆறுவதால் போவது மட்டுமே. நல்ல ஸ்டார் முத்திரை உள்ள 15 லிட்டரை நாள் முழுக்க அணைக்காமல் விட்டாலும் அது அரை யூனிட்டைச் சுற்றித்தான் இருக்கும். குளிக்கும் முன் இருபது நிமிடம் மட்டும் போட்டால் அதுவும் இல்லை. பெரிய மிச்சம் வேண்டுமென்றால் மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வைக்கலாம். கட்டடத்தில் மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே!

ஆகவே 2 கிலோவாட்டில் 15 லிட்டர் டேங்கே மறுபடி வாங்குங்கள். 60 டிகிரிக்குச் சூடான 15 லிட்டரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்கும் சூட்டில் 35 லிட்டர் தேறும். காலையில் ஷவர் குளியல் இரண்டும் அடுத்தடுத்து நடக்குமானால் 25 லிட்டர் நல்லது. சமையலறையில் எண்ணெய்ப் பாத்திரம் கழுவ 1 லிட்டர் இன்ஸ்டன்ட் போதும்.

உப்புத் தண்ணீர் இரண்டையும் பாதிக்கும். குறுகிய குழாய் கொண்ட இன்ஸ்டன்டில் உப்பு சீக்கிரம் அடைக்கும். டேங்கில் மெக்னீசியம் ஆனோடு கம்பி ஒன்று இருக்கும். அது தான் கரைந்து டேங்கை அரிப்பிலிருந்து காக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸுக்கு வருபவரிடம் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். உங்கள் பழைய ஹீட்டர் ஓட்டை விழ, இதைக் கவனிக்காமல் விட்டதுகூடக் காரணமாக இருக்கலாம்.