பழைய நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பில் லாக்கிங் ஹப்பை ஏன் மாற்றுகிறார்கள்?

லாக்கிங் ஹப் என்பது முன்சக்கரத்தை அதன் ஆக்சில் தண்டுடன் இணைக்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு. 1948இல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் தொடங்கிய நிறுவனம், போரில் எஞ்சிய ஜீப்புகளைச் சாலைக்கு ஏற்றவையாக்க இத்தகைய ஹப்புகளைச் செய்தது. பூட்டைத் திறந்துவிட்டால், சாலையில் செல்லும்போது முன் ஆக்சிலும் அதன் பற்சக்கரங்களும் வீணாகச் சுழல்வதில்லை. தேய்மானமும் எரிபொருள் செலவும் சற்றுக் குறைகின்றன. இறக்கத்தில் மிதிக்காமல் செல்லும் மிதிவண்டியில் சக்கரம் சுழல, பெடலும் சங்கிலியும் அசையாமல் இருப்பதைப் போன்றது இது.

1980களின் பிக்கப்புகள் பலவற்றில் வந்த தானியங்கி ஹப்புகள், பழசாகி உள்ளிருக்கும் கிரீஸ் கெட்டியானதும், சேற்றில் சிக்கிய நேரத்தில் பூட்டிக்கொள்ளாமல் கைவிடக்கூடும் என்பதால், கையால் திருப்பிப் பூட்டும் வகைக்கு மாறுவதையே நான் பரிந்துரைப்பேன். இரு பக்கமும் ஒரே வகையைப் பொருத்துங்கள். ஹப்பைக் கழற்றியிருக்கும் இந்த நேரத்தைவிட, சக்கர பேரிங்கைப் பார்த்துவிட நல்ல வாய்ப்பு வராது. புதிய ஹப்புக்குள் கிரீஸை மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள், ஏனெனில் திணித்து அடைத்தால் அது குளிரில் இறுகி உள்பாகங்களின் நகர்வைத் தடுக்கும்.

ஹப்பைப் பூட்டினாலே நான்கு சக்கர இயக்கம் வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸின், அதாவது எஞ்சினின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டியின், ஓட்டுநர் அருகிலுள்ள நெம்புகோலையும் மாற்றினால்தான் எஞ்சினின் விசை முன்சக்கரங்களை அடையும்.