டயருக்குள் மணிகளைப் போட்டால் சக்கரம் பேலன்ஸ் ஆகுமா?

சக்கரத்தின் பாரம் எல்லாப் பக்கமும் சமமாக இருக்க பைக் ரிம்மில் வெயிட் ஒட்டுவார்கள், அதுதான் பேலன்ஸ் செய்வது. அதற்குப் பதிலாக டயருக்குள்ளேயே பொடி மணிகளைக் கொட்டிவிடலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். டயரின் ஓரத்தில் ரிம்மைக் கவ்வும் கம்பி வளையத்துக்கும் பீட் என்றுதான் பெயர், இதற்கும் அதே பெயர். குழப்பம் வேண்டாம் என்று இவற்றை மணிகள் என்றே எழுதுகிறேன்.

மணிகள் தானாகவே பாரம் குறைந்த பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். என் நண்பர், அவை பாரமான பக்கம்தான் போகும், ஆட்டம் இன்னும் கூடும் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரி. எது எப்போது நடக்கும் என்பதை வேகம் முடிவு செய்கிறது.

ஒரு ரப்பர் பேண்டில் கொஞ்சம் கனமான நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கை மேலே போனால் நட்டும் மேலே போகும். இப்போது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் நட்டு தாறுமாறாகக் குதிக்கும், அதையும் தாண்டி வேகமாக ஆட்டினால் கை மேலே போகும்போது நட்டு கீழே இறங்கும். இரண்டும் நேரெதிர். உங்கள் சஸ்பென்ஷனில் தொங்கும் சக்கரமும் இதே மாதிரிதான். அதற்கென்று ஒரு இயல்பான துள்ளல் வேகம் உண்டு, பொதுவாக நொடிக்கு 10 முதல் 15 துள்ளல். சக்கரம் அதைவிட மெதுவாகச் சுற்றும்வரை பாரமான பக்கம் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே சக்கரம் முழுவதும் விலகும், சுழலும் மையத்திலிருந்து அதிகத் தூரத்தில் இருப்பது பாரமான பக்கம்தான், மணிகளும் அங்கேதான் ஓடும். உங்கள் நண்பர் சொல்வது இது. துள்ளல் வேகத்தைத் தாண்டிச் சுற்றும்போது சக்கரம் தன் எடை மையத்தைச் சுற்றியே சுழலப் பார்க்கும், அப்போது பாரம் குறைந்த பக்கம் மையத்திலிருந்து தள்ளிப் போகும், மணிகள் அந்தப் பக்கம் சேரும். விற்பவர்கள் சொல்வது இது.

எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் என்று கணக்குப் போடலாம். 120/70-17 என்ற 17 அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.88 மீட்டர். நொடிக்கு 10 சுற்று என்றால் 68 கி.மீ. வேகம், 15 சுற்று என்றால் 100 கி.மீ. வேகத்துக்குக் கொஞ்சம் மேல். ஆக, பெரும்பாலானவர்கள் தினமும் ஓட்டுகிற வேகத்தில் மணிகள் உதவுவதற்கு வாய்ப்பே குறைவு.

தத்துவம் பொய் இல்லை. பழைய சிடி, டிவிடி டிரைவ்களில் இதே வேலைக்கு ஒரு வளையத்துக்குள் குட்டிக் குண்டுகளை வைத்திருந்தார்கள், வாஷிங் மெஷின் டிரம்மில் உப்புநீர் அடைத்த வளையம் இருக்கும். ஆனால் அங்கே குண்டு ஓடும் பாதை கண்ணாடி மாதிரி வழவழப்பு, சுற்றும் வேகமும் துள்ளல் வேகத்துக்கு எவ்வளவோ மேலே. டயருக்குள் அப்படியா இருக்கிறது? அடுத்த முறை டயரைக் கழற்றும்போது உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வார்ப்பில் விழுந்த மெல்லிய வரிகள் விரலில் தட்டும், புது டயரில் அச்சிலிருந்து எடுக்கப் பூசிய மெழுகு மாதிரிப் பிசுக்கும் இருக்கும். அதற்கும் மேல் ஒரு விஷயம்: டயர் தரையைத் தொடும் இடம் வட்டமாக இல்லை, தட்டையாகிவிடுகிறது. அந்த ஒரு கணம் மணிகளை வெளியே அழுத்தும் விசை ஏறக்குறைய இல்லாமலே போய், திரும்ப வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இப்படிக் கலைக்கப்படுகிறவை ஒரே இடத்தில் துல்லியமாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

75, 80 கி.மீ. வேகத்தில் ஹேண்டில் நடுங்குகிறது. மணிகள் போட்டால் சரியாகிவிடுமா?

முதலில் அது எந்த நடுக்கம் என்று பிரித்துப் பாருங்கள், இதைத் தாண்டிக் குதித்துத்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள்.

பேலன்ஸ் கோளாறு என்றால் சக்கரம் சுற்றும் தாளத்திலேயே அதிர்வு வரும், வேகத்தோடு அதன் படபடப்பும் கூடும். விசை வேகத்தின் இருமடியில் ஏறுகிறது: 17 அங்குல ரிம்மில் 10 கிராம் கூடுதலாக இருந்தால் 50 கி.மீ. வேகத்தில் அது இழுக்கும் விசை அரை கிலோ எடை அளவுக்குத்தான், 100 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 2 கிலோ. அதுவும் ஒரு நொடிக்குள் பதினான்கு பதினைந்து முறை திசை மாறிக்கொண்டே.

வேகம் குறையும்போது மட்டும், அதுவும் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் ஹேண்டில் இடமும் வலமுமாக ஆடுகிறது என்றால் கதை வேறு. ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட் தளர்ந்திருக்கலாம், முன் டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கலாம், வீல் பேரிங் போயிருக்கலாம், பின்னால் மாட்டிய பெட்டியில் பாரம் அதிகமாக இருக்கலாம். இவற்றில் எதையும் டயருக்குள் போடும் மணி சரிசெய்யாது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ‘டொக்’ என்று ஒரு அசைவு கையில் தெரிந்தால் கோன் செட்டில் ஆரம்பியுங்கள். அப்படியே சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை ரிம்முக்கு அருகே அசையாமல் வைத்துக் கவனியுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் அடி வாங்கியிருக்கிறது. வட்டமாக இல்லாத சக்கரத்தை எந்த எடையாலும் வட்டமாக்க முடியாது.

என்னிடம் இந்தப் புகாரோடு வந்த ஒரு வண்டியில் டயரை மாற்றி, மணிகள் போட்டு, அப்புறம் மணிகளையும் மாற்றியிருந்தார்கள். டயரின் ஓரம் ரிம்மில் ஒரு இடத்தில் முழுதாக ஏறி உட்காரவே இல்லை. பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோட்டைக் கண்ணால் பார்த்தாலே தெரிந்தது, அந்த இடத்தில் மட்டும் கோடு ரிம்முக்குள் இறங்கியிருந்தது. காற்றை இறக்கி, சோப்புநீர் தடவி, திரும்ப ஏற்றியதும் ஆட்டம் நின்றது.

எவ்வளவு போட வேண்டும்? எப்படிப் போடுவது?

பைக்குக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு முன் சக்கரத்துக்கு 1 அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம், பின்னுக்கு 2 அவுன்ஸ். வால்வு பின்னை, அதாவது வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்ன ஊசியை, கழற்றிவிட்டு, குழாய் மாட்டிய சின்ன பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டித் தட்டி இறக்குவார்கள். டயரை மாட்டும்போதே உள்ளே கொட்டிவிடுவது சுலபம், ஆனால் ஓரத்தில் ஒரு மணி சிக்கினாலும் அங்கே காற்று கசியும். டயர் ஏற்றத் தடவிய சோப்புநீர் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

செராமிக் மணிகளுக்குப் பதில் விளையாட்டுத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் குண்டு, சைக்கிள் பால்ஸ், மணல் ஏதாவது போடலாமா?

மணல் வேண்டவே வேண்டாம், அது உள்ரப்பரை அரம் போல ராவும். இரும்பு பால்ஸ் ஈரத்தில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் குண்டுகள் சிலர் போடுகிறார்கள், அவை தேய்ந்து மாவாகும்.

மணிகள் போட்ட பிறகு வாரத்துக்கு வாரம் காற்று குறைகிறது. பஞ்சர் எதுவும் இல்லை.

வால்வு பின்னைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். காற்று அளக்கும்போதோ இறக்கும்போதோ வால்வு கீழ்ப்பக்கம் இருந்தால் மணிகள் அங்கேதான் குவிந்து கிடக்கும், வெளியேறும் காற்றோடு ஒன்று வந்து பின்னின் ரப்பர் வாஷரில் மாட்டினால் போதும், வால்வு முழுதாக மூடாது. வால்வு வாயில் ஒரு துளி எச்சில் வைத்துப் பாருங்கள், குமிழி வரும். வலை வைத்த வால்வு பின் தனியாகக் கிடைக்கிறது, மணிகள் போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் மாட்ட வேண்டும். இனிமேல் காற்று பார்க்கும்போது வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

டயரில் ஏற்கெனவே பஞ்சர் திரவம் ஊற்றியிருக்கிறேன். மேலே மணிகளும் போடலாமா?

கூடாது. மணிகள் திரவத்தில் ஒட்டிக் கட்டியாகி ஒரே இடத்தில் நிற்கும், இல்லாத பேலன்ஸ் கோளாறை நீங்களே உண்டாக்கியதாக ஆகிவிடும். மணிகள் ஒட்டிக்கொள்ளத் திரவம்கூட வேண்டாம், ஈரக்காற்றே சில நேரம் போதும். நான் பிரித்த ஒரு டயரில் மணிகள் நனைந்த சர்க்கரை மாதிரி உள்ளங்கை அகலத்துக்குப் பாளமாக ஒட்டியிருந்தன, நகத்தால் சுரண்டித்தான் எடுத்தேன்.

ஸ்போக்ஸ் சக்கரம், டியூப் டயர். டியூபுக்குள் போடலாமா?

போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டியூப் மடிப்புகளில் மணிகள் தங்கிவிடும், பஞ்சர் போடும்போது கொட்டும். ஸ்போக்ஸ் கம்பியிலேயே கவ்வி நிற்கும் வெயிட் இருக்கும்போது எனக்கு இது தேவையில்லாத வேலையாகத்தான் படுகிறது.

ரிம்மில் ஒட்டும் வெயிட் விழுந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் மணிகளுக்கு மாற நினைக்கிறேன். அப்படியென்றால் நீங்கள் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

வெயிட் விழுவது பெரும்பாலும் பசையின் குற்றம் இல்லை, ரிம்மைத் துடைக்காமல் ஒட்டிய குற்றம். செயின் எண்ணெய், பாலிஷ், பழைய பசை எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, கட்டை விரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

பைக் சக்கரம் குறுகலானது, அதனால் சக்கரத்தைச் சுழற்றி இடது, வலது பக்கங்களைத் தனித்தனியாக அளக்கும் மெஷின் இல்லாமலே, நின்ற நிலையில் பார்க்கும் பேலன்ஸ் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். இதை நீங்களே செய்யலாம். சக்கரத்தைக் கழற்றி, ஒரு தண்டைச் செருகி, நன்றாக உருளும் பேரிங் வைத்த இரண்டு தாங்கிகளில் உட்கார வையுங்கள். சக்கரத்தின் சொந்த பேரிங்கை மட்டும் நம்பினால் அதன் ரப்பர் சீல் இழுத்துப் பிடிக்கும், சின்ன வித்தியாசம் தெரியாது. கையை எடுத்ததும் சக்கரம் மெல்ல ஆடி, பாரமான இடம் கீழே வந்து நிற்கும். நேர் மேலே சாக்பீஸால் குறி போட்டு, அங்கே 5 கிராம் வெயிட்டை டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, குறி பக்கவாட்டில் வரும்படி கால் சுற்று திருப்பி விடுங்கள். குறி மேலே ஏறினால் வெயிட் போதாது, கீழே இறங்கினால் அதிகம். எங்கே விட்டாலும் அங்கேயே நின்றால் வேலை முடிந்தது. புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் இலேசான இடம், அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் வெயிட்டே குறைவாகத்தான் தேவைப்படும்.

மணிகள் உள்ளே இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது, அவை எப்போதும் கீழேயே உருண்டு கிடக்கும், ஆகவே சக்கரம் சரியாக இருக்கிறதா என்று ஓட்டாமல் கண்டுபிடிக்க வழி இல்லை. எனக்கு மணிகள் பிடிக்காததற்கு முதல் காரணம் இதுதான்.

நான் ஏற்கெனவே போட்டுவிட்டேன், நன்றாகத்தான் ஓடுகிறது. எடுத்துவிட வேண்டுமா?

நன்றாக ஓடினால் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் புது டயர் மாட்டிய கையோடு மணிகளும் போட்டிருந்தால், பழைய டயரின் அதிர்வு போனதற்கு எது காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்? தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், அதிர்வு அளக்கும் செயலி ஒன்றைப் போனில் போட்டு, போனைச் சட்டையின் உள்பையில் இறுக்கமாக வைத்து, வழவழப்பான சாலையில் ஒரே வேகத்தில் சில நிமிடம் ஓட்டுங்கள். ஹேண்டிலில் மாட்ட வேண்டாம், என்ஜின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்திருக்கிறது. 90 கி.மீ. வேகத்தில் அந்த 17 அங்குல டயர் நொடிக்கு 13 சுற்றுக்குக் கொஞ்சம் மேல் சுற்றும், என்ஜின் 5000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 83 சுற்று. நொடிக்கு எத்தனை அதிர்வு என்று செயலி காட்டும் வரைபடத்தில் 13-க்குப் பக்கத்தில் ஒரு முனை நீட்டிக்கொண்டு நின்றால் அது சக்கரத்தின் வேலை. அடுத்து டயர் மாற்றும்போது மணிகளைக் கொட்டிவிட்டு, வெயிட் ஒட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் இன்னொரு முறை ஓட்டி இரண்டு வரைபடத்தையும் அனுப்புங்கள், பார்க்க எனக்கும் ஆவல்தான்.