உப்புக் குறைவாம், உப்புப் போடவும் கூடாதாம்!

கேள்வி: டொக்டர், மாமிக்கு 71 வயது. பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் குளிசை எடுக்கிறார். போன கிழமை ஆட்களைப் பெயர் மாறிக் கூப்பிடத் தொடங்கினார், அறளை பெயர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். இரத்தம் பார்த்ததில் சோடியம் 124. வார்ட்டில் மறித்துவிட்டு, உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள், தண்ணீரையும் அளந்துதான் கொடுக்கிறார்கள். சோடியம் குறைவென்றால் உப்பைக் கூட்டித்தானே கொடுக்க வேண்டும்?
மருமகள், கொக்குவில்

பதில்: சொதியை வைத்துப் பாருங்கள் பிள்ளை. அளவாக உப்புப் போட்டு இறக்கிய நேரம் நாலு பேர் வந்துவிட்டார்கள் என்று இரண்டு கோப்பை தண்ணீர் ஊற்றுகிறீர்கள். வாயில் வைத்தால் உப்பில்லை, ஆனால் போட்ட உப்பு சட்டிக்குள் அப்படியேதானே இருக்கிறது? ரிப்போர்ட்டில் வரும் சோடியமும் அந்த ருசி மாதிரித்தான், 135 முதல் 145 வரை இருந்தால் சரி. கால் வீங்கிய ஒருவருக்கு அது 124 என்றால், பெரும்பாலும் உடம்பில் உப்பும் கூட, தண்ணீர் அதைவிடக் கூட.

சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் வடிக்கின்றன, சலமாகப் போவது ஒன்றரை லீற்றர் அளவுதான், மிச்சமெல்லாம் திரும்ப இரத்தத்துக்கே வந்துவிடும். அதில் உப்பை மறிப்பது அல்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோன், தண்ணீரை மறிப்பது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வரும் ஏ.டி.எச். என்ற ஹோர்மோன். இதயம் பலவீனமாகி இரத்தம் சரியாக ஓடாவிட்டால், உடம்பு வற்றுகிறது என்று ஏமாந்து இரண்டும் சேர்ந்து மறிக்கத் தொடங்கிவிடும். கால் வீங்குவதும் சோடியம் இறங்குவதும் அப்படித்தான். சலம் போகவென்று கொடுக்கும் குளிசைகளில் தயசைட் வகையும் வயதானவர்களுக்கு சோடியத்தை இறக்கும், அதனால் வீட்டில் இருக்கிற குளிசை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வார்ட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

வயிற்றோட்டத்தில் சோடியம் குறைந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு உப்புச் சேலைன் ஏற்றியிருப்பார்கள். அது வேறு கதை, அவருக்கு உப்பும் தண்ணீரும் இரண்டுமே போய்விட்டன. நாட்பட இறங்கிய சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளை நரம்புகள் பாதிக்கப்படும், வார்ட்டில் மெதுவாகச் செய்வது அதற்காகத்தான். இன்னொன்று, திடீரென்று வந்த மாறாட்டத்தை அறளை என்று வீட்டில் விட்டுவிடாமல் கொண்டுபோனீர்களே, நல்ல வேலை செய்தீர்கள்.

கேள்வி: எனக்கு இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூட. இந்த வெயிலுக்குச் செவ்விளநீர் தினமும் குடித்தால் சிறுநீரகம் கழுவுப்படும் என்கிறார்களே?
ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: கழுவுப்படாது ஐயா. இளநீரில் சோடியத்தைவிடப் பொட்டாசியம் பல மடங்கு. நல்ல சிறுநீரகம் அதைச் சலத்தோடு தள்ளிவிடும், தளர்ந்தது தேக்கி வைக்கும். பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது, மிகவும் ஏறினால் ஒரு அறிகுறியும் காட்டாமலே இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதிலும் பெரும்பாலும் பொட்டாசியம்தான் இருக்கிறது, அதையும் தொடாதீர்கள். அடுத்த கிளினிக்கில் உங்கள் பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இளநீரைப் பற்றி அதற்குப் பிறகு கதைக்கலாம்.

கேள்வி: கடல் தண்ணீர் குடித்தால் தாகம் கூடுமாமே, அதுவும் தண்ணீர்தானே?
மாணவன், காரைநகர்

பதில்: ஒரு லீற்றர் கடல்நீரில் 35 கிராம் அளவு உப்பு. அவ்வளவு உப்பான சலத்தை மனிதச் சிறுநீரகத்தால் உண்டாக்க முடியாது. அதனால் குடித்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிடக் கூடத் தண்ணீரை உடம்பு இழக்க வேண்டி வரும். உங்கள் பக்கத்துச் சவர்க் கிணறுகள் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் வீட்டில் பிரஷர்காரர் இருந்தால், அவர் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள்.