காசுக்குப் புளி போடலாமா? பழங்காசு கேள்வி-பதில்

பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டுப் பின்கட்டில் மெட்டல் டிடெக்டரை வைத்தாலே ஓயாமல் கத்துகிறது. கருவி பழுதா?

கருவியைக் குறை சொல்ல வேண்டாம். செட்டிநாட்டுச் செம்மண்ணிலும் செம்புறாங்கல்லிலும் இரும்புச் சத்து அதிகம். கருவிக்கு அந்த மண்ணே உலோகம் மாதிரிதான். உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, மண்ணுக்கேற்பக் கருவியைச் சரிசெய்யும் 'கிரவுண்ட் பேலன்ஸ்' பொத்தானை அழுத்தியபடி காயிலை (கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை) தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை ஏற்றி இறக்குங்கள், சத்தம் அடங்கும் வரை. மண்ணின் நிறம் மாறினால் மறுபடியும் செய்ய வேண்டும். சென்சிடிவிட்டியை (கருவியின் உணர்திறனை) முக்கால் பங்குக்குக் கீழே வையுங்கள். ஆழம் கொஞ்சம் குறையும், பொய்ச் சத்தம் நிறையவே குறையும். ஆணிக் குப்பைக்கு நடுவே 6 அங்குலக் காயில்தான் காசைப் பிரித்துக் காட்டும்.

ஒலி வந்த இடத்தைக் கிழமேற்காக ஒருமுறை, தென்வடலாக ஒருமுறை வீசிப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே மாதிரி ஒலித்தால் தோண்டலாம். ஒரு திசையில் கணீரென்றும் மறு திசையில் உடைந்தும் கேட்டால் பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி. பாக்குப் பொட்டலத்தின் அலுமினியத் தாள் மட்டும் எல்லோரையும் ஏமாற்றும். மண் கரண்டியை ஒலி வந்த புள்ளியிலேயே குத்தாமல் அரைச் சாண் தள்ளி இறக்கி, மண்ணோடு பெயர்த்தெடுங்கள்.

கிடைத்த காலணா பச்சைப் பசேலென்று இருக்கிறது. புளியா, எலுமிச்சையா?

இரண்டுமே வேண்டாம். திருநீறு, பாத்திரம் தேய்க்கும் பவுடர் எல்லாம் அதே கணக்குதான். குத்துவிளக்குக்குப் புளி சரி. மண்ணில் கிடந்த செம்புக் காசில் எழுத்தும் முகமும் பல நேரம் அந்தக் களிம்புப் படலத்தில்தான் நிற்கின்றன. புளி அதையும் சேர்த்துத் தின்றுவிடும். மிஞ்சுவது இளஞ்சிவப்பான, குழி விழுந்த வட்டத் தகடு.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் காசை ஊறப்போடுங்கள். குழாய்த் தண்ணீரில் உப்பும் குளோரினும் இருக்கும், ஆகாது. தினம் ஒருமுறை நீரை மாற்றி, மண் இளகியதும் பல்குத்தும் மரக்குச்சியால் மெல்ல எடுங்கள். ஊசி, கம்பி பிரஷ் பக்கமே போகாதீர்கள். ஒரு வாரத்தில் வராத மண்ணுக்கு ஆலிவ் எண்ணெய். மாதக்கணக்கில் ஆகும், அதுவும் லேசான அமிலம்தான் என்பதால் அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு சுத்தமான அசிட்டோனில் கண்ணாடிக் கிண்ணத்தில் அலசி உலர்த்துங்கள். அடுப்பு, விளக்கு அருகில் இல்லாமல், ஜன்னலைத் திறந்து வைத்து. நகப்பூச்சு நீக்கி இதற்கு மாற்று ஆகாது. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

சுத்தம் செய்து வைத்த காசில் வெளிர்பச்சைத் தூள் திரும்பத் திரும்பப் பூக்கிறதே?

அது சாதாரணக் களிம்பு அல்ல. செம்புக்குள் தங்கிய குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது. அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் சம அளவாக, மொத்தம் 50 கிராம் கரைத்து, காசை ஊறவிட்டு வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். சில காசுகளுக்கு மாதங்கள் ஆகும். நிறமும் கொஞ்சம் மாறலாம். அலசி நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டால் பச்சைப் பிசுபிசுப்பு புதிதாக வரும்.

கறுத்துப்போன விக்டோரியா வெள்ளி ரூபாயைப் பளபளப்பாக்க?

ஆக்காதீர்கள். சேகரிப்பவர்கள் அந்தக் கறுப்புக்குத்தான் கூடுதல் விலை தருவார்கள். முதலில் எடை போடுங்கள்: 11.66 கிராம் இருக்க வேண்டும். தேய்மானத்தில் சற்றுக் குறையலாம், ஒரு கிராம் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

நகம் அளவு செம்புக் காசு. ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்து. ஆந்திரக் காசா?

பக்கத்துப் புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு. காசில் இருக்கும் அம்மன் பிரகதாம்பாள்; தெலுங்கில் இருப்பது 'விஜய'. சமஸ்தான காலத்தில் நவராத்திரியில் அரிசியோடு இதை வழங்குவது வழக்கமாக இருந்தது.

சொந்த நிலத்தில் கிடைத்தால் எனக்குத்தானே?

அப்படியே ஆகிவிடாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. காசுகள் பானையோடு மொத்தமாகத் தென்பட்டால் கழுவவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்: கிடந்த நிலையிலேயே படம் எடுத்துவிட்டுத் தகவல் கொடுங்கள். கோயில் நிலத்திலும், திருமயம் கோட்டை போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பு இடங்களிலும் டிடெக்டரை வண்டியை விட்டே இறக்காதீர்கள்.