'வத்திப்போச்சு' என்பதிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: திசையன்விளை பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். அறிவியல் பாடத்தோடு இங்கிலீஷையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார் தலைமையாசிரியர். இரண்டும் கெட்டுப்போகாதா?

பதில்: டீச்சர், பாடம் முழுக்க இங்கிலீஷிலேயே பேசினால் கண்டிப்பாகக் கெட்டுப்போகும். 1965-ல் கனடாவின் செயின்ட் லாம்பர்ட்டில், இங்கிலீஷ் பேசும் பிள்ளைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தினார்கள். பிள்ளைகள் நன்றாகவே தேறினார்கள். ஆனால் அங்கே அதைக் கேட்டு வாங்கியதே பெற்றோர்கள்தான். வீட்டு மொழிக்கும் ஊரில் பலம் இருந்தது. நம் கதை வேறு.

ஜூனில் பள்ளி திறக்கும்போது உங்கள் ஊரில் பதனி இறங்கிக்கொண்டுதானே இருக்கும்? கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்த பிள்ளை வகுப்பில் ஒன்றாவது இருக்கும். அதைச் சொல்லச் சொல்லுங்கள். "பதனி கொதிச்சு வத்தி வத்திப் பாகாயிரும் டீச்சர், செரட்டையில ஊத்துவாவ" என்று வரும். அதை அப்படியே போர்டில் எழுதுங்கள். 'வத்தி'க்குக் கீழே 'வற்றி', அதற்கும் கீழே 'ஆவியாகி'. யோசித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளைக்கு 'ஆவியாதல்' என்பதும் 'எவாப்பரேஷன்' அளவுக்குப் புதுச் சொல்தான். புத்தகத் தமிழையும் நாம் அறிவியல் வழியாகத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. இதை நாம் கவனிப்பதே இல்லை.

தண்ணீர் எங்கே போனது, செரட்டையில் மிஞ்சியது என்ன என்று தமிழில் பேசி முடித்த பிறகு இங்கிலீஷுக்கு வாருங்கள். இரண்டே வாக்கியம் போதும்: 'தி வாட்டர் கோஸ் அப். தி சுகர் ஸ்டேஸ்.' கையை மேலே தூக்கிக் காட்டிச் சொல்லவிடுங்கள். அடுத்த வாரம் உப்பளப் பாடம் வந்தால் 'சுகர்' இருந்த இடத்தில் 'சால்ட்'. வாக்கியம் அதேதான்.

மார்க் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். தண்ணீர் எங்கே போனது என்பதற்குத் தமிழில் சரியாகச் சொன்னால் முழு மார்க். 'வாட்டர் கோ அப்' என்று எழுதியிருந்தால் அறிவியல் நோட்டில் சிவப்பு மை வேண்டாம். அந்த வாக்கியத்தை மறுநாள் இங்கிலீஷ் பீரியடில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இதற்காக வகுப்பில் அடுப்பெல்லாம் மூட்ட வேண்டாம். ஈர விரலால் சிலேட்டில் ஆளுக்கொரு கோடு போடச் சொல்லி, அது காய்கிற வரை சும்மா பார்த்துக்கொண்டிருக்க விடுங்கள்.