தை மாதத் திருமணமும் பூக்களும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். வரும் தை மாதத்தில் எனக்குத் திருமணம். திண்டுக்கல்லில் மண்டபம் பிடித்திருக்கிறோம். 600 பேர் வரை வருவார்கள். மண்ணுக்குக் கேடு செய்யாத, ஆனால் பார்க்க அழகான திருமணமாக அது அமைய வேண்டும் என்பது என் ஆசை. மேடை அலங்காரம் செய்பவர் கைப்பேசியில் காட்டிய படங்களில் ஹைட்ரேஞ்சியா, ட்யூலிப், ஆர்க்கிட் ஆகியவையே இருக்கின்றன. உள்ளூர்ப் பூ போதும் என்று சொன்னால், "கோயில் திருவிழா மாதிரி ஆகிவிடும்" என்கிறார். பிளாஸ்டிக் பூவை வாடகைக்கு எடுத்தால் எதுவுமே வீணாகாது என்பது அப்பாவின் கருத்து. மேடை முழுக்க மதுரை மல்லி இல்லாமல் கல்யாணமா என்று அப்பத்தா கேட்கிறார். எளிமையாகச் செய்தால் மாப்பிள்ளை வீட்டார் கஞ்சத்தனம் என்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. என்ன செய்யலாம்?

ப., வத்தலக்குண்டு

அன்புள்ள ப.,

உங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். பூவைப் பற்றிய பேச்சை நீங்கள் அலங்காரக்காரரிடம் தொடங்கிவிட்டீர்கள். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் தொடங்கியிருக்கலாம் என்பதே கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது. வத்தலக்குண்டில் இருக்கும் உங்களுக்கு அந்தச் சந்தை பக்கத்தில்தான் இருக்கிறது. இன்ன பூதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அது எங்கே கிடைக்கும் என்று தேடுவது இன்றைய வழக்கம். இந்த மாதத்தில் எது வந்து குவிகிறது என்று பார்த்துவிட்டு, அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தவர்கள் நம் முந்தைய தலைமுறையினர். பணம் மிச்சமாவதும், மேடை அழகாவதும், மண் தப்பிப்பதும் அந்த வழியில்தான் என்பது பல திருமணங்களைப் பார்த்து எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

அப்பத்தாவின் மல்லியை முதலில் எடுத்துக்கொள்வோம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் நிலக்கோட்டை வட்டாரத்துத் தோட்டங்களும் அந்தப் பெயருக்கு உரியவைதான். ஆனால் குண்டுமல்லி வெயிலின் பூ. கார்த்திகையில் செடியைத் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி உயரம் விட்டுக் கவாத்து செய்வார்கள். எரு வைத்து, நீர் பாய்ச்சி, அது துளிர்த்து மொட்டு வைக்கப் பங்குனி ஆகிவிடும். அதன்பின் ஆனி வரை பூத்துக் குலுங்கும். கவாத்து செய்யாமல் விட்ட செடிகளிலும் பனிக்காலத்தில் மொட்டு சிறுத்துப்போகும், வரத்தும் சுருங்கிவிடும். அந்த நேரத்தில்தான் தை முகூர்த்தங்கள் வரிசையாக வருகின்றன; கோடையில் நூற்றுக்கணக்கில் விற்கும் கிலோ மல்லி அப்போது ஆயிரக்கணக்கில் ஏலம் போகிறது. மேடை முழுக்க மல்லி என்பது உங்கள் திருமணம் வைகாசியில் இருந்தால் பொருந்தக்கூடிய ஆசை. தையில் அதைக் கேட்பது, பூக்க மறுக்கும் செடியிடம் வம்பாகக் கேட்பதாகும்.

ஆகவே மல்லியை வாசனைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கூந்தலுக்கும், மாலைகளில் ஒரு கண்ணிக்கும், இரு வீட்டு மூத்த பெண்மணிகளுக்கு ஆளுக்கு ஒரு முழத்துக்கும் அது போதும். மேடையில் பத்தடி தூரத்தில் இருக்கும் பூவின் மணம் பந்தியில் இருப்பவருக்கு எட்டுவதில்லை. வந்திருக்கும் பெண்களில் 200 பேருக்கு ஆளுக்கு அரை முழம் பூ கொடுப்பதென்றால் 100 முழம் ஆகிறது. அதற்குக் காக்கரட்டானும் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் சேர்த்துக் கதம்பமாகக் கட்டச் சொல்லுங்கள். காக்கரட்டான் குளிரிலும் பூக்கும் வெள்ளைப் பூ. அதற்கு மணம் இல்லை என்று சொல்வார்கள், அந்தக் குறையை மரிக்கொழுந்து ஈடுசெய்துவிடும்.

மேடைக்கான பூ என்று தை மாதத்தில் உறுதியாகச் சொல்லத்தக்கது செவ்வந்தி. இரவு நீளத் தொடங்கும்போது மொட்டு வைக்கும் இயல்புடைய செடி அது. அதனால்தான் கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மாதங்களில் அது சந்தையை நிறைக்கிறது. மஞ்சள், வெள்ளை இரண்டும் கிடைக்கும். உதிர்த்தாலும் கோத்தாலும் ஒருநாள் முழுவதும் முகம் வாடாமல் நிற்கும். அதனோடு சம்பங்கி, கோழிக்கொண்டை, வாடாமல்லி ஆகியவற்றில் ஒன்றை மட்டும் சேருங்கள். ஒன்றை மட்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் அலங்காரக்காரர் சொன்ன "திருவிழா" தோற்றம் உள்ளூர்ப் பூவினால் வருவதில்லை. ஐந்தாறு நிறங்களை ஒரே இடத்தில் அடுக்குவதனால் வருகிறது. வெள்ளைச் செவ்வந்தியும் சம்பங்கியும், நிறைய இலையும், சின்னாளபட்டிக் கைத்தறித் துணி ஒன்று பின்னால் தொங்கவும் இருந்தால், அந்த மேடைக்கு அமைதியான ஓர் அழகு வந்துவிடும். படங்களில் பார்த்த ஹைட்ரேஞ்சியாவினால் நீங்கள் விரும்பியதும் அந்த அமைதியைத்தான் என்று நினைக்கிறேன். கொடைக்கானலுக்கு ஏறும்போது அந்தப் பூ வேலியோரங்களில் கொத்துக் கொத்தாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கோடையிலும் மழைக்காலத்திலும் பூப்பது. தையில் கேட்டால் குளிர்பதனப் பெட்டியில் எங்கிருந்தோ பறந்துதான் வர வேண்டும். ட்யூலிப்பும் ஆர்க்கிட்டும் பெரும்பாலும் நெதர்லாந்திலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் அப்படியே வருகின்றன. அந்தப் பயணச் செலவை நிலக்கோட்டையில் பூப்பறிக்கும் பெண்களின் கைக்குக் கொடுக்கலாமே என்பது என் ஆதங்கம்.

மொட்டின் நேரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் பணம் செலவழித்தும் பலர் இதில் ஏமாறுகிறார்கள். மல்லியும் சம்பங்கியும் மாலையில் அவிழ்பவை. மல்லியை மொட்டாக விடியும் முன்பே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். முதல்நாள் மாலை வரவேற்புக்கு அன்று காலை சந்தைக்கு வந்த மொட்டு சரியாக இருக்கும். ஆனால் காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு அன்றைய மொட்டு வந்துசேராது. முதல்நாள் மொட்டைப் பிற்பகலில் கட்டி, ஈரத்துணியிலும் வாழையிலையிலும் சுற்றிக் குளிர்ந்த அறையில் வைத்தால் விடியற்காலையில் கூந்தலில் வைக்கும்போது விரிந்திருக்கும். மாலை தொடுப்பவர்களை முதல்நாள் இரவு மண்டபத்துக்கே அழைத்து, அவர்களுக்குச் சாப்பாடும் முறையான கூலியும் கொடுத்து அங்கேயே கட்டச் சொல்வது இன்னும் நல்லது. நூலுக்கு வாழைநாரையோ பருத்தி நூலையோ முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். நைலான் நூல், ஜிகினா, தெர்மாகோல் உருண்டை எதுவும் மாலையில் வேண்டாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவை தாமாக வந்துவிடும்.

இனி, பூவைவிட அதிகமாக என்னைக் கவலைப்படுத்தும் செய்திக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் உறவுப் பெண் ஒருவரின் திருமணம் முடிந்த பிற்பகலில், விட்டுப்போன ஒரு பையை எடுக்க மண்டபத்தின் பின்புறம் போனேன். காலையில் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்ட மேடை அங்கே குப்பையாகக் கிடந்தது. பூக்கள் ஒரு பங்கு என்றால், அவற்றைச் செருகி வைத்திருந்த பச்சை ஃபோம் கட்டிகளும், தெர்மாகோலில் வெட்டிய மணமக்கள் பெயரும், கம்பிகளும், பிளாஸ்டிக் வலையும் மூன்று பங்கு இருக்கும். அவை அனைத்துக்கும் தீ வைத்திருந்தார்கள். அந்தக் கரும்புகை அண்டை வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளின் மேல் படிந்துகொண்டிருந்தது. உள்ளூர்ப் பூ, உள்ளூர்ப் பூ என்று அன்றுவரை பேசிக்கொண்டிருந்த நான், பூ எதில் நிற்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அந்தப் பச்சைக் கட்டி 1954-இல் அமெரிக்காவில் உருவானது. விரலால் அழுத்தினால் மாவாக உதிர்வதனால் அது மக்கும் பொருள் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து உருவான பிளாஸ்டிக். உதிர்ந்த துகள்கள் மண்ணிலும் நீரிலும் அப்படியே தங்கிவிடும். அது வராத காலத்தில் நம் பந்தல்காரர்கள் வைக்கோலைப் பிரியாக முறுக்கி மூங்கிலில் சுற்றி, அதில் பூவைச் செருகினார்கள். வாழைத்தண்டை நீளவாக்கில் வைத்து அதில் குத்தினால் பூவுக்கு ஈரமும் கிடைத்தது. இன்றும் இவற்றைச் செய்யத் தெரிந்தவர்கள் கோயில் பூப்பல்லக்கு வேலைகளில் இருக்கிறார்கள். அலங்காரக்காரரிடம் பேசும்போது "ஃபோம் இல்லாமல் செய்வீர்களா" என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். அலங்காரத்துக்கான தெர்மாகோலையும், அழைப்பிதழையும் இனிப்புப் பெட்டியையும் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறையையும் ஒன்றிய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்திருக்கிறது என்பதை அவருக்கு நினைவூட்டலாம். பெயர்ப் பலகைக்கு ஒரு பெரிய மூங்கில் முறத்தில் சுண்ணாம்பும் காவியும் கொண்டு எழுதச் செய்யலாம்.

உங்கள் அப்பாவின் யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்ட பிளாஸ்டிக் பூவைப் பலமுறை வாடகைக்குப் பயன்படுத்துவது, புதிதாக ஃபோம் வாங்கி ஒரே நாளில் எறிவதைவிடக் குறைந்த தீமைதான். எனினும் அந்தப் பூவும் நிறம் வெளுத்து, இதழ் கிழிந்து, ஒருநாள் குப்பைமேட்டுக்கே போகிறது. அதை வாடகைக்கு எடுக்க எடுக்க அடுத்த லோடு வந்து இறங்கும். பூ வீணாகக் கூடாது என்ற அவருடைய கவலைக்குத் தீர்வு, பூவின் அளவைக் குறைத்து இலையைக் கூட்டுவதில் இருக்கிறது.

இலை என்றதும் எல்லாரும் தென்னங்குருத்தோலையை நினைப்பார்கள். அதிலும் ஒரு நிதானம் வேண்டும். தென்னை ஆண்டுக்கு ஏறத்தாழ 12 மட்டைதான் விடுகிறது. ஒரு குருத்தை வெட்டுவது மரத்தின் ஒரு மாத உழைப்பை எடுப்பதற்குச் சமம். ஒரே மரத்தில் மூன்று குருத்து எடுப்பவர்களிடம் வாங்காதீர்கள். காய்ப்பு ஓய்ந்து வெட்டப்படவிருக்கும் மரங்கள் எங்கே இருக்கின்றன என்று தோப்புக்காரர்களிடம் விசாரித்தால் கிடைத்துவிடும். மாவிலை, நொச்சி, பாக்குக் குலை ஆகியவற்றை மனநிறைவோடு பயன்படுத்தலாம். தார் தள்ளிய வாழைமரம் எப்படியும் வெட்டப்படுவதுதான். ஒருமுறை காய்த்த மரம் மறுபடி காய்ப்பதில்லை. விருந்து முடிந்ததும் அந்தத் தார் வீணாகாமல் யாருக்குப் போகிறது என்பதை மட்டும் முன்பே பேசிவிடுங்கள். தாம்பூலத்துக்குச் சோழவந்தான் வெற்றிலை உங்களுக்குப் பக்கத்திலேயே விளைகிறது. பை பருத்தியாக இருக்கட்டும். துணிபோலத் தோன்றும் நெய்யாத பை பிளாஸ்டிக்தான், 2019 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடையும் உண்டு.

கஞ்சத்தனம் என்று சொல்வார்களோ என்று கேட்டிருந்தீர்கள். மண்டபம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூவைத் தூவினால் நிச்சயம் அப்படித்தான் தோன்றும். வாசல், மணமேடை, பந்திக்குள் நுழையும் இடம் ஆகிய மூன்றை மட்டும் தேர்ந்து, அங்கே தாராளமாகச் செய்யுங்கள். மற்ற இடங்களைக் கோலத்தோடும் விளக்கோடும் விட்டுவிடுங்கள். வாசலில் பெரிய பித்தளை உருளியில் நீர் நிரப்பி மிதக்கும் செவ்வந்தியைப் பார்த்துவிட்டு நுழையும் விருந்தினருக்குக் குறை எதுவும் தோன்றாது. மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்போதே நேரில் போய், என்ன செய்யப் போகிறீர்கள், ஏன் செய்யப் போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் பக்கத்துப் பாட்டியோ அத்தையோ மாலை தொடுக்கத் தெரிந்தவராக இருந்தால் அவரையும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்கூட்டித் தெரிந்தவர்கள் திருமண நாளில் உங்கள் பக்கம் நின்று மற்றவர்களுக்கு விளக்குவார்கள். இதை நான் இரண்டு திருமணங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. எச்சில் இலைகளை மாட்டுக்குக் கொடுக்கும் வழக்கம் உங்கள் பக்கத்தில் இருக்கும். அந்தக் குவியலில் அரளி மாலையோ அரளிப் பூவோ கலந்துவிடக் கூடாது; அது மாட்டின் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. மற்ற பூக்களும் பூச்சிமருந்து பட்டவையாக இருக்கலாம் என்பதால், பூ அனைத்தையும் நூல் நீக்கித் தனியாகச் சேர்த்து, சாணக்கரைசல் தெளித்து எருக்குழியில் போடுவதே சரி. அதே காரணத்தால் பந்தி இலையிலும் இனிப்பின் மேலும் பூவிதழைத் தூவும் புதிய வழக்கத்தை அனுமதிக்காதீர்கள்.

கார்த்திகைக் கவாத்து தொடங்கும் முன் ஒரு நாள் நிலக்கோட்டைப் பக்கம் போய் வாருங்கள். செவ்வந்தி போட்டிருக்கும் ஒரு விவசாயியிடம் எத்தனை கிலோ, எந்தத் தேதி, என்ன விலை என்று பேசிச் சிறிது முன்பணமும் கொடுத்துவிட்டால், முகூர்த்த நாள் விலையேற்றம் உங்களைப் பாதிக்காது. அவருக்கும் அன்றைய ஏலத்தை நம்பிக் காத்திருக்கும் கவலை இராது. மல்லித் தோட்டத்தில் கொஞ்சம் செடிகளைக் கவாத்து செய்யாமல் விட்டிருப்பவர் யார் என்றும் அங்கேயே விசாரியுங்கள். அப்பத்தாவை உடன் அழைத்துச் செல்லுங்கள். மொட்டைக் கையில் எடுத்துப் பார்த்தே அது இரவில் விரியுமா, விரியாதா என்று சொல்லிவிடக்கூடியவர் உங்கள் வீட்டில் அவராகத்தான் இருப்பார்.

அன்புடன்.